உப்பு வேண்டாம்

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது தாள்:
வியாழன் மதியம், எளிய உணவு.
சோறு. பருப்பு. வேறெதுவும் இல்லை.
உப்பு வேண்டாம்.
முந்நூற்று நாற்பது பிள்ளைகளும்
உலகத்தின் பசியை ஒரு நேரம் உணர வேண்டும்.
மிச்சமாகும் காசு மலாவியில் ஒரு கிணற்றுக்கு.

பதினொரு வருடம் இந்தச் சமையலறையில்.
ஆட்டிறைச்சிக்கு மேல் கிழங்கை மசித்துப் பரப்பியிருக்கிறேன்,
வெள்ளிக்கிழமை மீனுக்கு மாவுச் சட்டை போட்டிருக்கிறேன்,
பச்சை போகாமல் பட்டாணி அவித்திருக்கிறேன்.
என் கைக்குத் தெரிந்ததை
ஒருவரும் கேட்டதில்லை.
முதல் தடவையாகக் கேட்கிறார்கள்,
ஏழ்மைக்கு மாதிரி காட்ட.

பொஜேனா வாசித்துவிட்டுச் சொன்னாள்:
"எங்கள் ஊரில் இதற்குப் பெயர் திங்கட்கிழமை."

மால்வெர்ன் மலை மூட்டத்துக்குள் இருந்த காலையில்
பர்மிங்ஹாம் மூட்டையைப் பிரித்தேன்.
மூன்று தண்ணீர் கழுவினேன்; அது தாளில் இல்லை.
விரல் வைத்து அளக்க முடியாத அண்டா,
ஆனாலும் விரல் போய் அளந்தது.
உப்புப் போடவில்லை. சத்தியமாக.
பருப்பு குழைந்து வந்த நேரம்
ஒரு வாணலி எண்ணெய், கடுகு,
வெங்காயம், செத்தல் மிளகாய்.
கைப்பைக்குள் கறிவேப்பிலை எப்படி வந்தது
என்று கேட்காதீர்கள்.
தாளிக்க வேண்டாம் என்று ஒருவரும் எழுதவில்லை.

வாசம் படியேறிப் போனது.
நாட்டுக் கொடிகள் தொங்கும் நடை,
சிவப்பு ஊசிகள் குத்திய உலகப்படம்,
லத்தீன் வகுப்பு, ஜெபக்கூடம்.
பன்னிரண்டு பத்துக்கெல்லாம் வரிசை வாசலைத் தாண்டியது.
இரண்டாம் தடவை வந்தார்கள். மூன்றாம் தடவையும்.
ஒன்பதாம் வகுப்பு லாக்லன்
தட்டை நக்குவதை நானே பார்த்தேன்.
புவியியல் வாத்தியார் பென்ஹாலிகன்
கவலையோடு வந்து நின்றார்:
"பிள்ளைகள் பசியோடு எழும்ப வேண்டும் அல்லவா?"
"மன்னிக்கவும் சார்" என்றேன்,
அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்தபடி.
ஒரு பருக்கை மிச்சமில்லை.

மூன்று மணிக்கு ஒட்டிலி வந்தாள்.
தொண்டுக் குழுவின் செயலாளர், வயது பதினைந்து,
முழங்கையில் மை.
ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பவுண்ட் சேர்ந்ததாம்,
உண்டியலில் ஒரு சட்டைப் பொத்தானும்
'நாளை தருகிறேன்' என்றெழுதிய ஒரு துண்டும் உட்பட.
பிறகு, மிக மரியாதையாகக் கேட்டாள்:
"நீங்கள் ஏழையாக இருந்தபோது
இதைத்தான் சாப்பிட்டீர்களா?"

அண்டாவைச் சுரண்டிய கை நின்றது.
கோபம் வருமென்று பார்த்தேன்,
சிரிப்புத்தான் வந்தது.
"என் அப்பா போஸ்ட்மாஸ்டர்.
வியாழக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் நண்டுக்கறி."
எழுதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.
ஒரு வரியை அடித்தாள். பிறகு இன்னொன்றை.
காது இரண்டும் சிவந்துபோயின.
"அப்படியென்றால் கிணறு?" என்றாள், குரலே இல்லாமல்.
"கிணறு வெட்டுங்கள், கட்டாயம் வெட்டுங்கள்.
சோற்றின் மேல் பழி போடாதீர்கள்."

அடிப்பிடித்ததைக் கரண்டியால் பெயர்த்து
அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
நின்றபடியே தின்றாள், நொறுக் நொறுக்கென்று.
பொஜேனாவும் ஈரக் கையை நீட்டினாள்.

என் ஏப்ரன் பையில்
அன்று காலை அனுப்பிய காசின் ரசீது:
மூதூரில் இரண்டு பிள்ளைகளுக்குப்
பள்ளிக்கூடச் சப்பாத்து.
நடையில் தொங்கும் படத்தில் அங்கே ஊசி இல்லை.
நான் சொல்லவில்லை.
எடுத்துப் பார்த்தபோது
கழுவின தண்ணீர் பட்டு எண்கள் கரைந்திருந்தன.

அடுத்த வருடம் அதே கதவில் அதே தாள்.
உப்பு வேண்டாம்.
தாளிக்கவும் வேண்டாம்: இரண்டு அடிக்கோடு.
அதற்கும் கீழே, மூலையில்,
பென்சிலால் யாரோ பொடி எழுத்தில்:
அடிப்பிடித்ததை எனக்கு வையுங்கள். ஒ.