காலாவதி தேதி

ஷார்ஜா, பத்தாம் இண்டஸ்ட்ரியல் ஏரியா.
மேல்கட்டிலில் போர்வைக்குள் போன் வெளிச்சம்.
"இந்த மாசம் ஓவர்டைம் இல்லை" என்று
ஜெசிந்தாவிடம் சொன்ன பொய்தான்
பரீட்சைக் கட்டணம்.

தேராவில் தேர்வு மையம்.
கடிகாரம், மோதிரம், பர்ஸ் லாக்கரில்.
பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னாள்
ஃபிலிப்பினோ பெண்.
கட்டைவிரலை மெஷின் ஏற்கவில்லை.
ஒன்பது வருஷம் கேபிள் இழுத்துத்
தேய்ந்த ரேகை.
கடைசியில் சுண்டுவிரல்தான்
நான் நானென்று சாட்சி சொன்னது.

முப்பத்தேழாவது கேள்வி:
வழி தெரியாமல் சுற்றும் பாக்கெட்டுக்கு
என்ன ஆகும்?
ஒவ்வொரு ரவுட்டரிலும் ஆயுளில் ஒன்று குறையும்.
பூஜ்யமானால் போட்டுவிடுவார்கள்.
படிக்காமலே தெரிந்த பதில்.

தேறிவிட்டேன்.
தாளில் என் பெயர், அடியில்
காலாவதி தேதி: மூன்று வருஷம்.
விசாவுக்கு இரண்டு. லேபர் கார்டுக்கும் இரண்டு.
இங்கு வந்தபின் கிடைத்ததில்
இதற்குத்தான் ஆயுள் கெட்டி.

சம்பளம் அதேதான்.
திங்கள் காலை அதே ஏணி, ஃபால்ஸ் சீலிங்குக்குள் தலை.
கையில் பிடித்த நீலக் கேபிள்
எங்கே போகிறது, எதைச் சுமக்கிறது
என்று தெரிந்தே இழுத்தேன்.

கீழிருந்து இஞ்சினியர்
போர்ட் நம்பரைத் தப்பாகச் சொன்னார்.
ஏணியில் நின்றபடி திருத்தினேன்.

கொஞ்ச நேரம்
ஏசி சத்தம் மட்டும்.