கேள்வி பதினொன்று

இரவு ஏழரை மணி. மிச்சிகன் சாப்பிடுகிற நேரம்.
முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
என்னைத் திட்டுவதற்கென்றே போனை எடுப்பவர்கள் உண்டு.
மணிக்குப் பதினாறு டாலர் எனக்கு.
எழுதியிருப்பதை எழுதியபடி வாசிக்க வேண்டும்,
குரல் எந்தப் பக்கமும் சாயக் கூடாது
என்பது மேற்பார்வையாளர் கிஸ்லிங்கின் கட்டளை.

சாலைகளைச் செப்பனிடவும்
பேருந்துகளைக் கூட்டவும்
பெட்ரோல் வரியைக் கேலனுக்குப் பத்து சென்ட் உயர்த்துவதை
வன்மையாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா,
ஓரளவு எதிர்க்கிறீர்களா, வன்மையாக எதிர்க்கிறீர்களா?

வன்மையாக.
ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை சொல்கிறேன் இதை.
ஒரு தடவைகூட நான் அப்படி இருந்ததில்லை.

டார்வின் ஹூக்ஸ்ட்ரா, வயது அறுபத்தெட்டு.
போன தடவையும் சாலைக்கு என்றுதான் வாங்கினீர்கள்,
எங்கே சாலை, காட்டு, என்றார்.
வாங்கியவன் நானில்லை. ஆனால் அவருக்கு அகப்பட்டவன் நான்.
அடுப்படியில் நாய் குரைத்தது.
அதன் கருத்தையும் குறித்துக்கொள் என்றார்.
குறிக்க இடமில்லை. நான்கை அழுத்தினேன்.

'ஓரளவு' என்றால் எவ்வளவு? ஒரு பெண் கேட்டாள்.
விளக்கம் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
"உங்களுக்கு எவ்வளவோ அவ்வளவு."
அதுவும் தாளில் அச்சடித்தே இருக்கிறது.

குழி அடைக்கிற ஆளே ஒருநாள் அகப்பட்டார்.
பிப்ரவரியில் தார் ஒட்டாது, தம்பி.
குளிர்ந்த கலவையை அள்ளிக் கொட்டி
மண்வெட்டியால் நாலு தட்டுத் தட்டுவோம்,
அடுத்த லாரி அதைக் கையோடு எடுத்துப்போய்விடும் என்றார்.
பிறகு, வன்மையாக எதிர்க்கிறேன் என்றார்.
ஏன் என்று கேட்கக்
கேள்வி பன்னிரண்டில் வழியில்லை.
பன்னிரண்டு, அவருடைய ஆண்டு வருமானம்.

யோலாண்டா ப்ரூயிட்டிடம் கார் கிடையாது.
கேலன் என்றால் அவளுக்குப் பால்தான்.
அதிகாலை நாலு நாற்பது பேருந்தை நிறுத்திவிட்டார்கள்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு மூன்று மைல்,
உழவண்டி ஒதுக்கிய பனிமேட்டின்மேல் நடக்கிறாள்.
பத்து சென்ட் என்ன, ஒரு டாலர் ஏற்றச் சொல், என்றாள்.
ஆதரவு, வன்மையாக. விரல் ஒன்றின்மேல் இருந்தது.
இரு, என்றாள்.
குளிர் அதிகமானால் லமார் வந்து ஏற்றிக்கொண்டு போவான்,
அவனுடைய பழைய வண்டி குடிக்கிற குடிக்கு
அவன் பாவம். எதிர்ப்பு என்று போடு.
இல்லை. இரு.
இருந்தேன்.
அந்தப் பக்கம் உலர்த்தி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது,
ஏதோ ஒரு உலோகப் பொத்தான் டக், டக் என்று மோதிக்கொண்டு.
யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
வைத்துவிட்டாள்.

முடியாத பேட்டி கணக்கில் சேராது.
இத்தனை நாளில் உண்மையாகவே யோசித்த ஒருத்தி
சேரவில்லை.

ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தொன்று.
மக்கள் மறுத்துவிட்டார்கள் என்றது பத்திரிகை.
மக்களை எனக்குத் தெரியும்.
அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேற்று வீடு திரும்பும்போது
ரயில்பாதைக்கு முன்னால் அந்தக் குழி.
அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் வட்டம் போட்டிருந்தார்கள்,
திருத்திய விடைத்தாளில் தப்பைச் சுழிப்பதுபோல.
தெரிந்தும் விழுந்தேன்.
எதிரே பேருந்து என்பதால் ஒதுங்க முடியவில்லை;
உள்ளே ஓட்டுநரைத் தவிர ஒருவரும் இல்லை.
சக்கரமூடி கழன்று எனக்கு முன்னால் உருண்டு போனது.

என்னிடம் யாரும் கேட்டதில்லை.
இங்கே வேலை செய்பவர்கள் பதில் சொல்லக் கூடாது.
கேட்டால்? இரு, என்பேன்.

பங்கில் பன்னிரண்டு டாலருக்குப் போட்டேன்.
ரசீது வேண்டுமா என்று கேட்டது திரை.
ஆம், இல்லை. இரண்டே பொத்தான்.
ஆம் என்றேன், வன்மையாக.
காகிதம் தீர்ந்துவிட்டது,
உள்ளே வந்து கேட்கவும் என்றது.