அடித்தகடு

மட்டிக்களிச் சந்தியில் தேங்கிய மழைத்தண்ணீர்
கிளச்சில் வைத்த என் இடது காலைத்
தொட்டுவிட்டுப் போனது.
கதவுக் கண்ணாடி ஏற்றியிருந்தது. கூரை ஒழுகவில்லை.
நனைந்தது செருப்பின் கீழ்ப்பக்கம்.

டொக்யாட் வீதிக் கராஜில்
நிஹ்மத் ரப்பர் விரிப்பைத் தூக்கினான்.
கீழே சணல். சணலுக்குக் கீழே
ஊறிய கடதாசி மணம், இரண்டு ஐம்பது சதக் குற்றி,
ஒரு ஊசி,
கருவாட்டுச் செதில், எந்தக் காலத்தில் யார் ஏற்றியதோ.
அதற்கும் கீழே
தகடு என்று நான் நம்பியிருந்தது.
ஸ்குறூ டிறைவரால் ஒரு குத்து.
அது நொறுங்கக்கூட இல்லை,
சும்மா விலகி இடம் விட்டது.
ஓட்டைக்குள் கராஜ் மண்
வெயிலோடு தெரிந்தது.

"அக்கா, நீங்க இவ்வளவு நாளும் ஓடினது
தாருக்கு மேல தாரில."
முன்பு வைத்திருந்தவர் உள்ளே ஊற்றி மெழுகிய தார்.

இந்த மொறிஸ் மைனரின் அடிவயிற்றை
என்னைவிட அதிகம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.
சீனக்குடாவில், கப்பல்துறையில், உவர்மலை ஏற்றத்தில்
சில்லுப் பூட்டிய கண்ணாடியை
உள்ளே தள்ளித் தள்ளி
எத்தனை பொடியன்கள், எத்தனை வருசம்.
குனிந்து பார்ப்பார்கள். நிமிர்வார்கள்.
போ என்று கை காட்டுவார்கள்.
தேடியது, அங்கே இல்லாததை.
இருந்ததைப் பற்றி ஒருவனும்
ஒரு சொல் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் விளங்கியிராது.
துருவுக்குச் சிங்களத்தில் மலக்கட என்று
இப்போது நிஹ்மத் சொல்லித்தான் தெரியும்.

வெட்டு, என்றேன்.
வெட்ட வெட்ட நல்ல தகடு
பின்வாங்கிக்கொண்டே போனது,
ஒரு சாண் என்று தொடங்கி
சீற்றுக்குக் கீழே குறுக்குச் சட்டம் வரை.
பெற்றோல் குழாயைக் கழற்றி வைத்திருந்தான்.
பக்கத்தில் நனைத்த சாக்கு இரண்டு.
நான் வாளியோடு நின்றேன்,
எனக்குக் கிடைத்த வேலை அது.

பிஸ்கட் பெட்டி மட்டையில் அச்சு வெட்டினான்.
பென்சில் கோடு. பெடல் வளைவுக்கு
மூன்று தரம் வைத்து வைத்துப் பார்த்து.
தேத்தண்ணி குடித்துத் திரும்பினால்
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
வாசலில் நின்று
என் காரின் அடித்தளத்தை
ஆறுதலாகச் சப்பிக்கொண்டிருந்தது.
நிஹ்மத் கத்தவில்லை.
மீதியை வாங்கி, எச்சில் துடைத்து,
மடியில் வைத்து நிமிர்த்தினான்.
"இடப்பக்கம் கொஞ்சம் குறையுது.
பரவாயில்ல, கண்ணால பிடிப்பம்."

பதினெட்டாம் கேஜ் தகடு. முதலில்
பொட்டுப் பொட்டாய் ஒட்டல்.
ஓரிடம் சூடேறி நெளியுமுன்
அடுத்த மூலைக்குத் தாவல்.
பிறகு சிவப்பு ஒக்சைட், காய ஒரு பகல்.
பொருத்துகளில் விரலால் இழைத்த சீலர்.
அடியில் கறுப்புப் பூச்சு, இரண்டு தரம்.
பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகு.

மூலையில் ஒரு வட்ட ஓட்டை மிஞ்சியிருந்தது.
அதையும் ஒட்டிவிடு, என்றேன்.
"அது கொம்பனி போட்டது அக்கா" என்று
ரப்பர் மூடியை என் உள்ளங்கையில் வைத்தான்.
"வாற தண்ணி வரும். கழற்றி விடுங்க."

உப்புவெளி. ஊரின் பெயரிலேயே உப்பு.
படலைக்குள் காரை நிறுத்தி,
கைப்பைக் கண்ணாடியை அடியில் பிடித்தேன்.
கறுப்பு. வழிந்து காய்ந்த ஒரு துளி. என் காது.
மான் தின்ற இடத்தில் ஒட்டுக் கோடு
ஒரு விரல் விலகிப் போயிருந்தது.

மதிலுக்கு மேலால் சுகந்தமலர்:
"என்ன, குண்டோ தேடுறீர்?"
"ஓம்" என்றேன், முழங்காலில் மண் தட்டியபடி,
"மலக்கட."
அவளுக்கும் அந்தச் சொல் தெரியாது.