பத்தரை

செக்காலை ரோட்டில், டயர்க் கடைக்கு மேல் மாடி.
முன்பு ஃப்ரிட்ஜ் குடோன்;
மூலையில் இன்னும் தெர்மாகோல் பொடி பறக்கிறது.
மூன்று லேன். பத்து மீட்டர். ஒரு ஏசி,
அதுவும் நஸ்ரின் வருகிற நாளில்தான் ஓடும்.
அவள் மாநிலப் போட்டிக்குப் போகிறவள்.

நான் ஆறேகாலுக்கு வருவேன்
நகைக்கடன் கவுண்டரை மூடிவிட்டு,
விரலில் உரைகல்லின் கருப்போடு.

யாரைச் சுடப் போறீங்க மேடம்?
பாங்கில் எல்லோரும் ஒருமுறை கேட்டாயிற்று.
வீட்டில் இரண்டு முறை.
காகிதத்தை, என்பேன்.
நாற்பத்து மூன்று வயதில் ஒருத்திக்குக்
காகிதத்தின் மேல் என்ன கோபம் என்று
அவர்களுக்குக் கணக்கு இடிக்கிறது.
கோபம் இருந்தால் படாது.
அதைச் சொன்னால் இன்னும் நம்பமாட்டார்கள்.

இடக்கை சுடிதார் பையில்.
இதற்கென்றே தைத்த பை,
ஒரு பக்கம் போதும் என்றதற்கு டெய்லர் சிரித்தார்.
வலக்கை தனியாக நீள்கிறது.
முன்குறி கூர்மையாக, பின்குறிப் பள்ளத்தின் நடுவில்.
அதற்கப்பால் கருவட்டம்
தண்ணீரில் விழுந்த மை போல மங்கலாக.
எதை அடிக்கவேண்டுமோ
அதைப் பார்க்கக் கூடாது.
இது பழக நான்கு மாதம் ஆனது.

விசைக்கு அரைக் கிலோ.
அரைக் கிலோ தக்காளியின் கனத்தைச்
சுட்டுவிரலின் முதல் கணு
கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளவேண்டும்
எப்போது முடியும் என்று தெரியாமல்.
தெரிந்துவிட்டால் தோள் முந்திக்கொள்ளும்.

பக்கத்து லேனில் எஸ்.ஐ. பாண்டிமீனா.
இடுப்பில் சர்க்கார் துப்பாக்கியோடு திரிகிறவர்
இங்கே காற்றுத் துப்பாக்கியில் ஏழைத் தாண்டவில்லை.
ஏசி காத்து தள்ளுது, என்கிறார்.
ஏசி ஓடவில்லை.

மூன்றாவது லேனுக்கு மட்டும் திரை உண்டு,
புள்ளிக்குப் பின்னாலும் ஓர் எண் காட்டும்.
போன வாரம் அதில் 10.5.
பத்தரை மாற்று! என்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
நஸ்ரின் காதடைப்பானைக் கழற்றி
என்னக்கா, என்றாள்.
ஒண்ணுமில்லை, எங்க தொழில் சிரிப்பு.

இன்று அதே லேன்.
8.1. 7.6. 8.0.
எல்லாம் இடது கீழே,
கூட்டம் கூடி நிற்பதுபோல் ஒரே இடத்தில்.

மதியம் கண்டனூரிலிருந்து வந்தவள்
ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றி வைத்தாள்.
கல்லில் இழைத்தேன். சொட்டு விட்டேன்.
கோடு பச்சையாகப் பொங்கிக் காணாமல் போனது.
பூசினதும்மா, என்றேன்.
மெல்லச் சொல்லியிருக்கலாம்.
வரிசையில் பின்னால் ஏழு பேர்.

போன வருசம் இதே பாங்குல வச்சுத்தானே
மீட்டுட்டுப் போனேன், என்றாள்.
அழவில்லை. சங்கிலியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்,
கொக்கி சேர மூன்று தடவை ஆனது.

வீட்டில் யாரோ மாற்றியிருக்கலாம்.
அல்லது போன வருடமும் இதே பித்தளைதான்,
கீழே என் கையெழுத்து.
பதிவேடு இரும்பு அலமாரியில் இரண்டாவது தட்டு.
திறக்காமல் வந்துவிட்டேன்.

கையை உயர்த்துகிறேன். மூச்சில் பாதியை விடுகிறேன்.
முன்குறி துடிக்கிறது,
நாடி பிடித்த வைத்தியர் மாதிரி
துப்பாக்கி என்னைப் படிக்கிறது.
நான்கு. ஐந்து. ஆறு நொடி.
விரலில் இருநூறு கிராம், முந்நூறு.
கருவட்டம் தெளிவாகத் தெரிகிறது.
தெரியக் கூடாது.

இறக்குகிறேன்.
மறுபடி உயர்த்தி, மறுபடி இறக்குகிறேன்.
மேடம், லைன் க்ளியரா? என்று ரேஞ்சுக்காரர் செபாஸ்டின்
இரண்டாம் முறை கேட்கிறார்.
குண்டைத் திரும்ப எடுத்துவிட்டு
குழலில் ஆரஞ்சு நூலைச் செருகுகிறேன்.

குழாயடியில் சோப்பு போட்டுத் தேய்க்கிறேன்,
ஈயம் வயிற்றுக்குப் போகக் கூடாது.
ஈயம் சாம்பல், உரைகல் கருப்பு;
வழிந்து ஓடுகிற தண்ணீரில்
எது எதுவென்று பிரிக்கமுடியவில்லை.

எத்தனை ரவுண்டு? பாண்டிமீனா கேட்கிறார்.
முப்பதுக்கு இருபத்தொன்பது.
மிச்சம் ஒன்றை டப்பாவில் போட்டு மூடுகிறேன்.
நாளை பாங்க் திறப்பது பத்து மணிக்கு.
ஒன்பதரைக்கே போகவேண்டும்.