தடித்த தாள்

பட்டியலைத் தட்டச்சு செய்தது நான்தான்.
ஆறு பெயர், ஆறு சான்றிதழ்.
மேயர் கையெழுத்துப் போடும் முன்பே
முத்திரை குத்தி வைத்திருந்தேன்.
'ஊரின் நினைவைக் காத்தவர்கள்' என்று மேலே.
நகராட்சி மண்டபத்தில் ஆரஞ்சுச் சாறு, கரகரத்த மைக்,
கைதட்டினோம், கலைந்தோம்.

திங்கட்கிழமை கணக்குப் பிரிவிலிருந்து குரல்:
"நிபால்தோவை நிவால்தோ ஆக்கிவிட்டாயே."

எங்கள் ஸ்பானிஷில் இரண்டும் ஒரே ஒலி.
கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.
ஆனால் அந்த மனிதர்
பதினொரு வருடமாகச் சனிக்கிழமைதோறும்
வெடியுப்புக் கம்பெனி விட்டுப்போன பாலையில்
மரச்சிலுவைகளை ஊதி ஊதிப் படிப்பவர்.

ஒரு சிலுவையில் 'லோரிந்தா' மட்டும் மிச்சம்.
முதலெழுத்தை மணல் தின்றுவிட்டது.
கிளோரிந்தாவா, ஃபுளோரிந்தாவா?
பஸ் ஏறி இகீகே போனார், மூன்று முறை.
ஞானஸ்நானப் பதிவில் இல்லை.
இறப்புப் பதிவு எரிந்துபோயிருந்தது.
நான்கு மாதம் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்,
தூரிகை கையிலிருந்தும்.
கடைசியில் கம்பெனிக் கடையின் கடன் நோட்டில் இருந்தாள்:
கிளோரிந்தா, இரண்டு கஜம் சீட்டித் துணி,
பாக்கி.

யாரும் தள்ளுபடி செய்யாத கடன்
அவளைப் பத்திரமாக வைத்திருந்தது.

இப்படிப்பட்டவர் பெயரில்தான்
என் விரல் ஓர் எழுத்துத் தவறியது.

புதிய சான்றிதழ் அடித்தேன். நான்கு முறை சரிபார்த்தேன்.
சனிக்கிழமை வண்டியை எடுத்தேன்.
சான் எவாரிஸ்தோ என்று பலகைகூட இல்லை;
புகைபோக்கி ஒன்று, கூரையில்லாத சுவர்கள்,
அப்பால் வேலியில்லாத இடுகாடு.
சலவைக்கடை எதுவிகிஸ்
மத்தி மீன் டப்பாவைக் கத்தரித்து
இதழ் இதழாக வளைத்துக்கொண்டிருந்தாள்.
பூக்காத ஊரில் தகரம்தான் பூ.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.

அவர் மூன்றாவது வரிசையில் முழங்காலிட்டிருந்தார்.
பக்கத்தில், கல்லுக்கு அடியில்,
என் தப்பு.
குப்புறக் கிடந்தது.
முதுகெல்லாம் பென்சில் கட்டங்கள்,
கட்டத்துக்கொரு குழி,
சிலவற்றில் பெயர், பலவற்றில் கேள்விக்குறி.

மன்னிப்பை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.
காற்றில் பாதிதான் அவர் காதுக்குப் போயிருக்கும்.
"தடித்த தாள்," என்றார், "மடங்கவே இல்லை. நல்ல தாள்."

புதியதை நீட்டினேன்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.
தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்,
யாரோ செத்தவர் பெயர் மாதிரி.
"சரியாக இருக்கிறது."
பிறகு திருப்பினார்.
வெள்ளைப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.
"நாலாவது வரிசைக்குத் தாள் இல்லாமல்தான் இருந்தேன்."

தகரத்திலிருந்து தலை நிமிர்த்தாமல்
எதுவிகிஸ் சொன்னாள்:
"மற்ற அஞ்சு பேருக்கும்
நீ தப்பாகவே அடித்திருக்கலாம்."