மூன்றில் ஒரு பங்கு

புதன்கிழமை மாலை,
கடைசி நோயாளியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு
டிராமுக்கு ஓடிய பிறகு
நான் காலணியைக் கழற்றுவேன்.
நீல வாளி பழைய தண்ணீருக்கு.
வெள்ளை வாளிகள் புதியதற்கு; நேற்றிலிருந்து அவை
ரேடியேட்டர் பக்கம் வாய் திறந்து நிற்கின்றன,
குளோரினைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்தபடி.

ஒஸ்ட்ராவாவின் ஜனவரிக் குழாய்நீர்
பல் டாக்டருக்கே பல் கூசும்.
வெப்பமானி இருக்கிறது.
இருந்தாலும் மணிக்கட்டை விட்டுப் பார்ப்பேன்.

காத்திருப்பு அறையில் நூற்றிருபது லிட்டர்.
பதினொரு நியான் டெட்ரா, மூன்று குட்டிக் கெளுத்தி,
எந்தக் குழந்தையோ உள்ளே போட்டுவிட்டுப் போன
ஒரு பால்பல், கூழாங்கற்களுக்கிடையில்.
வாரம் நாற்பது லிட்டர், நாலு வாளி,
ஆறு வருடம்.

டாக்டர் ராதிம் குபாலா புது ஃபில்டர் வாங்கினார்.
"எவ்வளவு தெளிவு பாருங்கள்,
இதை எதற்கு மாற்ற வேண்டும்?"
தெளிவாகத்தான் இருந்தது,
எக்ஸ்ரேயில் விழாத வலி மாதிரி.
சோதனைக் குழாயில் சொட்டு விட்டுக் காட்டினேன்.
மஞ்சள், கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"அழகான நிறம்" என்றார்.
வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள் என்று
நாளுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சொல்லும் வாய்.

பிப்ரவரியில் எனக்கு இடுப்பு அறுவை சிகிச்சை.
ஒன்பது வாரம்.
தொட்டியின் பக்கத்தில் தாள் ஒட்டிவிட்டுப் போனேன்:
புதன். மூன்றில் ஒரு பங்கு. சூடு பார்க்கவும்.
படுக்கையிலிருந்து ஒருமுறை போன் செய்தேன்.
"நன்றாகச் சாப்பிடுகின்றன" என்றார்.

சாப்பிட்டிருக்கும்.
தினமும் ஒரு துளி கெட்டுப்போகும் நீருக்கு
மீன் தினமும் ஒரு துளி பழகிக்கொள்ளும்.
வெளியே தெரியாது.
லுபோஷோடு பதினான்கு வருடம் குடித்தனம் செய்தவள் நான்,
எனக்குத் தெரியும்.

நான் திரும்பும் நாளுக்கு முந்தின இரவு
அவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது.
வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு
ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறைத்திருக்கிறார்.
கற்களைக் கழுவி, கண்ணாடியைத் தேய்த்து,
ஃபில்டர் பஞ்சைச் சோப்பு போட்டு அலசி,
விளிம்புவரை புத்தம்புதுத் தண்ணீர்.
எனக்காக.

காலையில் ஊன்றுகோலால் கதவைத் தள்ளினேன்.
அவ்வளவு சுத்தமான தொட்டியை நான் பார்த்ததில்லை.
மேலே ஒன்பது டெட்ராக்கள்,
சிவப்புக் கோடு இன்னும் வெளுக்காமல்.

அவர் கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
"நல்ல தண்ணீர்தானே, யிட்கா?"
நல்ல தண்ணீர்தான், டாக்டர்.
ஒரே ராத்திரியில் வந்துவிட்டது.

எட்டு மணிக்குத் திருமதி பிளாஷெனா வருவார்,
கடைவாய்ப்பல்.
அதற்குள் ஒவ்வொன்றாக எடுத்தார்,
வேர் துண்டுகளை எடுக்கும் அதே இடுக்கியால்,
அதே கவனத்தோடு.
எஃகுத் தட்டில் பஞ்சுத்துணி விரித்துக் கிடத்தினார்.
மரத்துப்போக ஊசி போட்டுவிடுவாரோ என்று
ஒரு கணம் தோன்றியது.

இந்தப் புதன் நான் நாற்காலியில்.
வாளி தூக்கக் கூடாதாம், இன்னும் ஒரு மாதம்.
அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு தரையில்,
குழாயை வாயில் வைத்து உறிஞ்சி,
ஒரு மடக்கு விழுங்கிவிட்டு,
திட்டினார். நல்ல செக் கெட்டவார்த்தை.
கண்ணாடியில் நான் போட்ட மைக்கோட்டுக்கு
நீர் இறங்கியதும் "போதும்" என்றேன்.
"இன்னும் கொஞ்சம்?"
"அடுத்த புதன்."

நீல வாளியை ரப்பர் செடிக்கு ஊற்றினார்.
அது மட்டும் எப்போதும் போலக் கொழுத்திருக்கிறது.

என் மேசையில், மருந்துச்சீட்டுக் கட்டின்மேல்,
கழுவித் துடைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்
அந்தப் பால்பல்லை.
யாருடையது என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.
எழுந்து, மெதுவாக,
இடது காலை முதலில் வைத்து,
தொட்டிக்குள் போட்டேன்.
இரண்டு டெட்ராக்கள் தீனியென்று ஓடிவந்து
மோந்து பார்த்துவிட்டு விலகின.