வரிசையில் நான்காவது

வரிசையில் நீங்கள் நான்காவது, என்கிறது இயந்திரக் குரல்.
போனை ஸ்பீக்கரில் போட்டு
வாஷிங் மெஷின் மேல் வைத்திருக்கிறேன்.
கம்பளக் கடை விளம்பரம் ஆறாவது முறையாகப் பாடுகிறது.

டொலீடோவில் ஆகஸ்ட்.
ஹெரன்ஸ் அணியின் பயிற்சி முகாம் தொடங்கிப் பதினெட்டு நாள்.
எழுபத்துநான்காம் எண் இன்னும் வரவில்லை.
லமான்ட் டிஸ்டேல். இடது டாக்கிள்.
கையெழுத்துப் போடமாட்டானாம்.

சொல்ல வேண்டியதை
மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதியிருக்கிறேன்.
ஒன்று: மூலைக் காவலுக்கு இரண்டு பேர் வேண்டும்.
இருப்பவன் ஓடுவதைப் பார்த்தால்
பஸ்ஸைத் தவறவிட்டவன் வீட்டுக்கு நடப்பது போலிருக்கிறது.
இரண்டு: நடுவில் பந்தை எடுத்துக் கொடுப்பவனுக்கு
முப்பத்தாறு வயது. முதுகு குனிகிறது, நிமிரமாட்டேன் என்கிறது.
மூன்று: உதைக்கிறவன்.
கடவுளே, அந்த உதைக்கிறவன்.
கம்பங்களுக்கு நடுவே பதினெட்டரை அடி விட்டிருக்கிறார்கள்.
அதை மட்டும் விட்டுவிட்டு
மீதி ஒஹாயோ முழுக்கப் பந்தை அனுப்புகிறான்.
நான்கு:
நான்காவதை மூன்று முறை எழுதி அடித்திருக்கிறேன்.

போன வாரம் இதே நிகழ்ச்சியில் நான் சொன்னது:
பேராசைக்காரன்.
வருஷத்துக்கு முப்பத்தோராயிரம் டாலர் எனக்கு,
அதை அவன் ஒரு மத்தியானத்தில் வியர்த்து முடிக்கிறான்.
ரஸ்டி மைக்குக்குள் சிரித்தான்.
ஊரே கைதட்டியிருக்கும்.
என் சமையலறையில் யாரும் இல்லை.

இடது டாக்கிள் யாரென்று தெரியாதவர்களுக்கு:
பந்தெறிபவன் வலப்பக்கம் பார்த்து நிற்கையில்
அவன் முதுகை நோக்கி ஓடிவரும் நூற்றிருபது கிலோவை
நெஞ்சு கொடுத்து நிறுத்துபவன்.
நிறுத்தினால் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை.
பந்தெறிபவன் விழுந்தால்தான்
எழுபதாயிரம் வாய்கள் அவனைப் பெயர் சொல்லி அழைக்கும்.
அதில் ஒன்று என்னுடையது. பெரிய வாய்.

இரண்டு முறை முழங்காலைப் பிளந்து தைத்திருக்கிறார்கள்.
இரண்டாவது தடவை எங்கள் மருத்துவமனையில்.
நான் நிலவறையில், சலவைப் பிரிவில்.
அவனைப் பார்க்கவில்லை.
அந்த வாரத்து விரிப்புகளில் அவனுடையதும் இருந்திருக்கும்,
எல்லாருடையதையும் போலக் குளிர்ந்த தண்ணீரில்.
ரத்தத்துக்குச் சூடு ஆகாது.

புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதாம்:
அதே முழங்கால் மறுபடி போனால்
மீதிப் பணம் கிடையாது.
அந்த வரியை நான் வாசித்திருக்கிறேன்.
முழங்கால் இருந்த இடத்தில் தோள்பட்டை என்றிருந்தது.
பழைய கோளாறு, ஈட்டுத்தொகை இல்லை.
ஈரத்துணியின் கனம் காகிதத்தில் ஏறுமா?
போட்டுக் கொடுத்தேன்.
பேனாவும் அவர்களுடையதுதான்.

ஆனாலும் பாருங்கள்,
ஞாயிற்றுக்கிழமை அவனில்லாமல் அந்தப் பிள்ளை பிராண்ட்வோல்ட்
ஏழு முறை மல்லாந்தான். கணக்கில் வராத ஆட்டம்தான்.
புல்லைத் துப்பிக்கொண்டு எழுந்தவன்
இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான்,
விளக்கை அணைத்தது யாரென்று தேடுவதுபோல.
வந்து தொலையேன்டா, என்றேன் டிவியிடம்.
வராதே, கையெழுத்துப் போட்டுவிடாதே, என்றும் சொன்னேன்.
இரண்டும் ஒரே வாய்ச் சோளப்பொரியோடு.

அணி ஒரு குடும்பம், என்கிறார் மேலாளர் விட்லாக்.
எங்கள் பிரிவிலும் அப்படியொரு சுவரொட்டி உண்டு,
துணி உலர்த்திக்கு மேலே, சூட்டில் சுருண்டு.

வரிசையில் நீங்கள் இரண்டாவது.
எனக்கு முன்னால் ஆக்ரனிலிருந்து ஒருவன்:
நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் அபராதம் போடுங்கள்,
பசித்தால் வருவான்.
போன வாரத்து என் குரல்தான்,
மூக்கடைப்பு மட்டும் கொஞ்சம் அதிகம்.

நான்காவதில் அடித்ததற்கு அடியில் இன்னும் தெரிகிறது:
விற்றுவிடுங்கள்.
அதற்கு மேலே: கேட்டதைக் கொடுங்கள்.
அதற்கும் மேலே அவன் பெயர் மட்டும்.

இதோ டொரீன் சாபோ! நம்முடைய கோபக்காரி!
எழுபத்துநான்கைப் பற்றி இன்றைக்கு என்ன சொல்கிறீர்கள்?

மெஷின் கடைசிச் சுற்றில் குலுங்கி நின்றது.
வலிக்காத தோளுக்குப் போனை மாற்றினேன்.

ரஸ்டி, என்றேன்,
நமக்கு முதலில் ஒரு உதைக்கிறவன் வேண்டும்.